ஜெனரல் கொடுத்த மட்டை

சனிக்கிழமை காலை ஷவ்கி தேநீரைக் கோப்பையில் ஊற்றாமல் சர்க்கரைக் கிண்ணத்தில் ஊற்றினார். வேண்டுமென்று செய்யவில்லை. கெண்டியைச் சாய்த்த நொடியில் வலது முழங்கையின் வெளிப்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வலி ஓடியது. கை தன் போக்கில் திரும்பிக்கொண்டது.

அவர் மனைவி சுஹைர் சர்க்கரை கரைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மட்டையைத் திருப்பிக் கொடுத்துடு, ஷவ்கி."

"முடியாது."

"கை போயிடும்."

"கை போனா என்னோட போகும். மட்டையைத் திருப்பினா பொண்ணு கல்யாணம் போகும்."

ஷவ்கி லிஃப்ட் எஞ்சினீயர். கெய்ரோவில் மேலும் கீழும் போகிற லிஃப்டுகளில் கணிசமான பகுதி அவர் கையெழுத்தில் போகிறது. எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஆனால் இந்த மட்டை விஷயத்தில் எந்தக் கணக்கும் அவருக்கு உதவவில்லை.

விஷயம் சில வாரங்களுக்கு முன் ஆரம்பித்தது. அவர் மகள் நஷ்வாவும், அவளுடன் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹாஸிமும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தார்கள். ஹாஸிமின் அப்பா இஸ்மத், ஓய்வுபெற்ற ஜெனரல். இரண்டு குடும்பமும் கெய்ரோவின் மஆதிப் பகுதியில் ஒரே கிளப்பில் உறுப்பினர்கள். வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார வைத்தால் இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் எடை போடுவார்கள் என்று நஷ்வா பயந்தாள். டென்னிஸ் வலைக்கு ஒரே பக்கம் நிற்க வைத்தால் எடை போடுவதற்கு எதிர்ப்பக்கம் வேறு ஆட்கள் கிடைப்பார்கள். அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலை இரட்டையர் ஆட்டம் ஏற்பாடானது. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் பல் டாக்டர்களான அண்ணன் தம்பி.

முதல் வெள்ளிக்கிழமை நன்றாகவே போனது. ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது, பேச்சு இல்லாத ஒரு இடைவெளியை நிரப்புவதற்காக ஷவ்கி, மேசையோரம் சாய்த்து வைத்திருந்த ஜெனரலின் மட்டையைப் பார்த்து, மாஷா அல்லாஹ், என்ன அழகான மட்டை என்றார்.

எங்கள் ஊரில் ஒரு பொருளை ஒருவர் புகழ்ந்தால், உடையவர் 'எடுத்துக்கோங்க, உங்களுதுதான்' என்பார். புகழ்ந்தவர் 'உங்க கையில இருக்கறதுதான் அழகு' என்பார். அதோடு முடிந்தது. கைக்கடிகாரத்துக்கும் இதேதான், காருக்கும் இதேதான். யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

ஜெனரல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஷவ்கி மறுத்தார். ஜெனரல் மறுபடி சொன்னார், ராணுவக் கோப்பையை வென்ற மட்டை இது என்றும் சேர்த்துக்கொண்டார். ஷவ்கி மறுபடி மறுத்தார். மூன்றாவது முறையும் ஆயிற்று. இரண்டு பேரும் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

ஷவ்கி நிறுத்தவில்லை. தான் ஏதோ பேராசையில் அடுத்தவர் பொருளைப் பார்த்ததாக ஜெனரல் நினைத்துவிடக் கூடாதே என்று, பாஷா என்று மரியாதையாக அழைத்து ஒரு விளக்கம் கொடுத்தார். "ஒண்ணுமில்ல பாஷா, என் மட்டையில ஆடினா முழங்கை லேசா கடுக்குது. அதான் மத்தவங்க மட்டை எல்லாம் எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

சம்பந்தி ஆகப்போகிறவர் ஒரு வலியைச் சொல்லிவிட்டார். அதற்கு மருந்து கையெட்டும் தூரத்தில் சாய்ந்து நிற்கிறது. இதற்கு மேலும் அது வெறும் உபசார வார்த்தையாக இருக்க முடியாது. பல் டாக்டர்கள் பார்க்கிறார்கள். பயிற்சியாளர் பஸ்யூனி பார்க்கிறார். தேநீர்த் தட்டோடு நின்ற டென்னிஸ் தளக் காவலர் ஸாபிர் பார்க்கிறார். ஜெனரல் எழுந்து நின்றார்.

"வல்லாஹி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடற வரைக்கும் உங்க கையில இந்த மட்டையைத் தவிர வேற மட்டை இருக்காது, எஞ்சினீயரே."

ஆண்டவன் பேரில் சத்தியம். ஷவ்கி மட்டையை வாங்கிக்கொண்டார். ஜெனரல் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் ஹாஸிம் துபாயிலிருந்து வரவழைத்துக் கொடுத்த ஒரு புது மட்டையோடு வந்தார். அது ஈ அடிக்கிற மட்டை போல லேசாக இருந்தது. பந்து பட்டால் தகர டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் கேட்டது.

சுஹைருக்கு இதெல்லாம் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலை சர்க்கரையைக் கொட்டிவிட்டு வந்து, சத்தியம்தானே, முறிந்தால் என்ன என்று கேட்டாள்.

"சத்தியம் பண்ணினது அவரு. முறிஞ்சா பரிகாரம் பண்ண வேண்டியதும் அவருதான். பத்து ஏழைங்களுக்குச் சோறு போடணும். சம்பந்தம் பேசற வீட்டுல போய், 'உங்க பரிசு எனக்கு வேண்டாம், உங்க சத்தியத்துக்கு நீங்களே தண்டம் கட்டிக்கோங்க'ன்னு சொல்லச் சொல்றியா?"

பெண் கேட்டு வந்தவர்கள் இன்னும் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய நாள் குறிக்கவில்லை. எப்போது என்று கேட்ட ஒவ்வொரு முறையும் ஜெனரல் 'இன்ஷா அல்லாஹ்' என்றார். அந்தச் சொல்லுக்கு நாளைக்கே என்றும் பொருள் உண்டு, நடக்காது என்றும் பொருள் உண்டு.

ஷவ்கி முதலில் எலும்பு டாக்டர் லமீயிடம் போனார். அவரும் கிளப் உறுப்பினர்தான். டாக்டர் முழங்கையை ஒரு விரலால் அழுத்தினார், ஷவ்கி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு டாக்டர் கையைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஆட்டத்தைப் பற்றியே பேசினார். பேக்ஹேண்ட் அடிக்கும்போது பந்தை மிகவும் தாமதமாகச் சந்திக்கிறீர்கள், முழங்கை முன்னால் போகிறது, மணிக்கட்டு பின்னால் வந்து சாட்டை மாதிரி வீசுகிறது, ஒவ்வொரு பந்தும் எலும்பில் ஒட்டியிருக்கிற தசைநாரைப் பிடித்து இழுக்கிறது, மட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை என்றார். கொஞ்ச வாரம் ஆடாதீர்கள் என்றும் சொன்னார்.

பயிற்சியாளர் பஸ்யூனி ஷவ்கியின் பேக்ஹேண்டை வலையோரம் நின்று பார்த்தார். அவரைக் கிளப்பில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவம் பக்கமே போகாதவர். கழுத்தில் விசில் தொங்குகிற எல்லோரும் எங்கள் ஊரில் கேப்டன்தான், ஜெனரல்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார். கேப்டன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் மட்டையைப் பற்றியே பேசினார். உங்கள் கை தர்பூசணியைப் பிடிக்கிற கை, இந்தக் கைப்பிடி ஜெனரலின் சின்னக் கைக்குச் செய்தது, அது உள்ளங்கைக்குள் சுழலாமல் இருக்க நீங்கள் ஆட்டம் முழுக்க இறுக்கிப் பிழிந்துகொண்டே இருக்கிறீர்கள் என்றார். மட்டையில் கட்டியிருக்கிற நரம்பு வேறு கல் மாதிரி இறுகியிருக்கிறது, அதன் சட்டம் வளையவே வளையாது, அதனால் அடி முழுக்க முழங்கைக்கு வந்து சேர்கிறது.

"மட்டையை மாத்துங்க" என்றார்.

"மாத்த முடியாது, கேப்டன்."

"அப்போ கையை மாத்துங்க." பிறகு அவருக்கு அன்றைய தேநீர் மேசை ஞாபகம் வந்தது. "ஓ, சத்தியம். மறந்துட்டேன்."

கைப்பிடியைத் தடிமனாக்கலாம் என்று கேப்டன் சொன்னார். அதில் சத்தியத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஷவ்கி அன்று மாலையே கிரிப் டேப் வாங்கிவந்து, டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்க, சுற்று மேல் சுற்றாகச் சுற்றினார். முடித்தபோது கைப்பிடி சப்பாத்திக் கட்டை அளவுக்கு வந்திருந்தது. மட்டையின் எடை கூடியது. அதன் எந்தப் பக்கம் எது என்று உள்ளங்கைக்குத் தெரியவில்லை. தெரியாததால் அவர் முன்பைவிட இறுக்கிப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு நடுவில் ஜெனரல் கையை நீட்டி மட்டையைக் கேட்டார். வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொடவில்லை. டேப்பை இரண்டு இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்தார். நெடுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசை எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டார் என்று ஷவ்கி அன்று இரவு மனைவியிடம் சொன்னார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, தளங்களுக்குப் புதுச் செம்மண் போட்டு முடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து ஷவ்கி வெளியே வந்தபோது யூகலிப்டஸ் மரத்தடியில் பாய் விரித்திருந்தது. மண் போட்ட கூலிக்காரர்கள், தோட்டக்காரர், வாயில் காவலர்கள், சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸாபிர் பெரிய அண்டாவிலிருந்து, ரொட்டியும் சோறும் கலந்த ஃபத்தா பரிமாறிக்கொண்டிருந்தார். ஆட்டிறைச்சியும் பூண்டும் மணத்தன. ஜெனரல் சற்றுத் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

தளவேலை முடிந்ததற்கு விருந்து என்று ஷவ்கி புரிந்துகொண்டார். அப்படியே, கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்காரர் இப்படி விருந்து போடுகிறாரென்றால் மனசு நிறைந்திருக்கிறார் என்றும் புரிந்துகொண்டார். இந்தச் சமயத்தில் தான் எப்படிப்பட்ட மனிதன் என்று காட்டுவது நல்லது. அவர் போய்ப் பாயில் கூலிக்காரர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஸாபிர் மாமா, எனக்கு ஒரு தட்டு."

ஸாபிர் கரண்டியோடு நின்றார். ஜெனரலைப் பார்த்தார். "இது வேலைக்காரங்களுக்கு, எஞ்சினீயரய்யா."

"நான் மட்டும் என்ன துரையா? லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்தானே."

ஸாபிர் மறுபடி ஜெனரலைப் பார்த்தார். ஜெனரல் மெல்லத் தலையசைத்தார். ஷவ்கி வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. பாதி சாப்பிடும்போது ஜெனரல் சமையலறைக்கு ஆள் அனுப்பி இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார். அது தனக்குத்தான் என்று நினைத்து ஷவ்கி வயிற்றைத் தொட்டுக் காட்டி, போதும் பாஷா, போதும் என்று கையசைத்தார். தட்டு அவரைத் தாண்டிப் போய் கடைசி வாயில் காவலரிடம் சேர்ந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஜெனரல் வந்து ஷவ்கி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இடது கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மட்டை எப்படி இருக்கு, எஞ்சினீயரே?"

"அல்ஹம்துலில்லாஹ் பாஷா. கையோட ஒட்டிக்கிச்சு."

"கூச்சப்படாம சொல்லுங்க. எல்லார் கைக்கும் எல்லா மட்டையும் ஒத்து வராது. ஒத்து வரலைன்னா சொல்றதுல தப்பில்ல." கொஞ்சம் நிறுத்தி, "குறிப்பா இன்னிக்குச் சொன்னா தப்பே இல்ல" என்றார்.

இது ஒரு சோதனை என்று ஷவ்கிக்குப் பட்டது. படைகளை நடத்தியவர், ஆளின் உறுதியைப் பார்க்கிறார். "என்ன பாஷா இப்படிக் கேட்டுட்டீங்க. என்னை அடக்கம் பண்றப்போ இதையும் கூட வெச்சுடுன்னு சுஹைர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

ஜெனரல் தன் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

வலி கூடியது. ஷவ்கி வீட்டுக் கதவைச் சாவியால் திறக்க முடியாமல் மணி அடித்துவிட்டு நின்றார். மறுபடி கேப்டனிடம் போனார். நரம்பைத் தளர்த்தலாம், பந்து படும்போது அதிர்ச்சி குறையும் என்று கேப்டன் சொன்னார். பழைய நரம்பை அறுத்தெறிந்துவிட்டு மிருதுவான புது நரம்பை மிகவும் தளர்வாக ஏற்றினார்கள். அதிர்ச்சி உண்மையிலேயே குறைந்தது. ஆனால் பந்து மட்டையில் பட்டதும் கவணிலிருந்து போவது போலப் போனது. முதல் பந்து வேலியைத் தாண்டியது. இரண்டாவது பந்து தேநீர் மேசைகளைத் தாண்டி, ஒரு வக்கீல் குடும்பத்தின் ஃபலாஃபில் தட்டில் விழுந்தது. பந்தைத் தளத்துக்குள் வைத்திருக்க ஷவ்கி ஒவ்வொரு அடியிலும் கடைசி நொடியில் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. டாக்டர் லமீ குறை சொன்னது அந்த மணிக்கட்டு வேலையைத்தான்.

"நரம்பை மாத்திட்டீங்களா?" என்று ஜெனரல் கேட்டார்.

"ஆமா பாஷா. பழசு ரொம்ப இறுகிக் கிடந்துது. அறுத்துத் தூக்கிப் போட்டுட்டேன்."

ஜெனரல் அன்று பாதி ஆட்டத்தில் தோள் சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது கை குலுக்கவில்லை. உள்ளங்கையை மார்பில் வைத்துத் தலையசைத்தார். சில வாரங்களாகவே அவர் இப்படித்தான் விடைபெற்றார். பெரிய பதவியில் இருந்தவர்களின் கம்பீரம் என்று ஷவ்கி எண்ணியிருந்தார். இன்று அது கோபம் போலத் தெரிந்தது.

சுஹைர் ஜெனரலின் மனைவிக்குப் போன் செய்தாள். பொதுவாகப் பேசி, காய்கறி விலை பேசி, வெயிலைப் பேசி, கடைசியில் நாள் குறிக்கும் பேச்சுக்கு வந்தாள். அந்த அம்மாள், ஜெனரல் இப்போதெல்லாம் சரியாகத் தூங்குவதில்லை, கை வலி, மனசும் சரியில்லை, பெருநாள் கழியட்டும் பார்க்கலாம் என்றாள்.

நஷ்வா அழவில்லை. அவளுக்கு அப்பாவின் சுபாவம் உண்டு, அழுவதற்கு முன் காரணம் தேடுவாள். ஹாஸிமிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "அவங்கப்பா எதுக்கோ காத்துக்கிட்டிருக்காருன்னு ஹாஸிம் சொல்றான். எதுக்குன்னு அவனுக்கும் தெரியல. வாயத் திறக்க மாட்டேங்கறாராம்."

"எனக்குத் தெரியும்" என்றார் ஷவ்கி. "ராணுவக் கோப்பை ஜெயிச்ச மட்டை. என் கைக்கு வந்த அப்புறம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. அதான்."

ஜெயிப்பதற்காக அவர் கேப்டனிடம் இரண்டு கை பேக்ஹேண்ட் கற்றுக்கொண்டார். இடது கையும் பாரத்தைத் தாங்கினால் வலது கை பிழைக்கும் என்பது கணக்கு. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாக ஒரு வீச்சைக் கற்றால் உடம்பு அதைத் தப்பாகத்தான் கற்கும். இரண்டே வாரத்தில் இடது மணிக்கட்டும் வீங்கியது. வலது முழங்கைக்கு இறுக்கமான பட்டி போட்டு, அது ஜெனரல் கண்ணில் படாமலிருக்க ஜூன் மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு ஆடினார். வேர்வையில் கைப்பிடி வழுக்கியது. மேலும் இறுக்கினார்.

வீட்டில் சுஹைர் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், நஷ்வா தயிர் டப்பாவைத் திறந்து கொடுத்தாள். வேலையில், ஸமாலிக்கில் ஒரு கட்டடத்தின் புது லிஃப்டைச் சோதிக்கப் போனவர், விரலால் அழுத்த முடியாமல் தோளால் பொத்தானை அழுத்தினார். அது மேலும் நான்கு பொத்தான்களோடு சேர்ந்து அழுந்தியது. கட்டட உரிமையாளரோடு மாடி மாடியாக நின்று நின்று போக வேண்டியிருந்தது.

அந்த லிஃப்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஷவ்கிக்கு யோசனை வந்தது. சத்தியம் மட்டையைப் பற்றியது. மட்டையே இல்லையென்றால் சத்தியத்தை முறிப்பதற்கு ஒன்றுமில்லை, யார் பேரிலும் குற்றமில்லை. தற்செயலாக உடைந்தால் தீர்ந்தது. தலையும் பிடியும் சேரும் கழுத்துதான் அந்த மட்டையில் பலவீனமான இடம் என்று அவர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார். வலையைக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பம் தளத்திலேயே இருக்கிறது.

சுஹைரிடம் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, "தற்செயல்னு தெரியணும்" என்றாள். "நீ நடிக்கறது எனக்குத் தெரியும். ரொம்பப் பண்ணாதே."

அந்த வெள்ளிக்கிழமை பல் டாக்டர்களில் அண்ணன் ஒரு குட்டைப் பந்தை வலையோரம் போட்டார். ஷவ்கி ஓடிப்போய்த் தடுக்கியது போலச் சாய்ந்து மட்டையைக் கம்பத்தில் அடித்தார். கம்பம் பள்ளிக்கூட மணி போல ஒலித்தது. மட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அடியின் முழுப் பலனும் முழங்கைக்கு வந்தது. ஷவ்கி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அடி பட்டுதா?" என்று ஜெனரல் கேட்டார். பார்வை மட்டையின் மேல் இருந்தது.

அடுத்த குட்டைப் பந்துக்கும் ஷவ்கி அதே இடத்தில் தடுக்கினார். மணி மறுபடி ஒலித்தது. தம்பி டாக்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து, அந்தக் கம்பம் உங்களுக்கு என்ன செஞ்சுது, எஞ்சினீயரே என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். ஜெனரல் சிரிக்கவில்லை, பார்த்துப் போங்க, மெதுவாப் போங்க என்றார். அவர் குரலில் அப்படியொரு கனிவை ஷவ்கி அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு நொடி மனம் தளர்ந்தது. பிறகு தயிர் டப்பாவை நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை மட்டையைக் கம்பத்துக்கும் தரைக்கும் நடுவில் கொடுத்து, தன் முழு உடம்போடும் அதன் மேல் விழுந்தார். கழுத்து முறிந்தது. உலர்ந்த கிளை ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம்தான்.

ஜெனரல் நடந்து வந்தார். இடது கையால் தன் வலது முழங்கையைப் பிடித்திருந்தார். குனிந்து, நரம்பில் தொங்கிக்கொண்டிருந்த மட்டையின் தலையை எடுத்தார். செம்மண்ணைத் தட்டிவிட்டார். ஷவ்கி முழங்காலில் எழுந்து உட்கார்ந்து, எப்படி நடந்துச்சுன்னே தெரியல பாஷா, என்னை மன்னிச்சுடுங்க என்று தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். நடிப்பு அதிகமாகவில்லை, கண்ணீர் வலியால் தானாகவே வந்திருந்தது.

"பரவாயில்ல" என்றார் ஜெனரல். "வர இருந்த கெடுதல் எல்லாம் இதோட போச்சுன்னு நினைச்சுக்குவோம்." உடைந்த தலையை மெதுவாக நாற்காலியின் மேல் வைத்தார். வலைக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார். "இனி காத்திருக்க என்ன இருக்கு? வியாழக்கிழமை சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு அப்புறம் வரோம். ஃபாத்திஹா ஓதிடலாம்."

தன் புது மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மெல்ல நடந்து போனார். மார்பில் கை வைத்து விடைபெறக்கூட மறந்துவிட்டார்.

ஷவ்கி தேநீர் மேசையருகே உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் போனைப் பிடித்து சுஹைரைக் கூப்பிட்டார். சொல்லி முடிப்பதற்குள் போனிலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. வக்கீல் குடும்பம் திரும்பிப் பார்த்தது. நஷ்வா போனைப் பிடுங்கி, கை எப்படிப்பா இருக்கு என்று கேட்டாள். இனிமே நல்லாயிடும் என்றார். உண்மையிலேயே பல வாரங்களுக்குப் பிறகு வலி குறைந்தது போலிருந்தது. வலி அப்படியேதான் இருந்தது, ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மட்டையோடு ஆட வேண்டியது இல்லாமல் போயிருந்தது.

ஸாபிர் தளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். மட்டையின் கார்பன் சிதறல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியில் போட்டுக்கொண்டார். நாற்காலியிலிருந்த உடைந்த தலையை எடுத்துத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். ஷவ்கி நல்ல மனநிலையில் இருந்தார். வீட்டில் விசேஷம் வருகிறது மாமா, வியாழக்கிழமை நீங்களும் வரவேண்டும், அன்றைக்கு எனக்குத் தட்டுக் கொடுக்கத் தயங்கினீர்களே, அதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சிரித்தார்.

ஸாபிர் சிரிக்கவில்லை. முறிந்த இரண்டு பாகங்களையும் பொருத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது கணக்கா பத்துப் பேருக்குன்னு செஞ்ச சோறு, எஞ்சினீயரய்யா. நீங்க என்னிக்காவது இந்த மட்டையைத் திருப்பிக் கொடுத்தா அவரு வாங்கிக்க சத்தியம் குறுக்க நிக்கக் கூடாதுன்னு, முன்கூட்டியே பண்ணின பரிகாரம்."